புதியது மேலே

“ஏழு நாளா பங்கு விலை ஏறிக்கிட்டே இருக்கு. உங்க கட்டம் மட்டும் ஏம்ப்பா சிவப்பாவே இருக்கு?” என்றாள் மகள்.

ஃபைல் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “விலை ஏறுதும்மா. ஆனா உள்ளே வேகம் செத்துப்போச்சு. அது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் மொமெண்டம்.”

சொன்னவர், அந்தச் சிவப்புக் கட்டத்தை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

அலுவலகக் கோப்பறையை இருபத்தெட்டு வருடமாகக் கட்டிக் காப்பவர் அவர். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே நினைவில் வைத்திருந்தது; மற்ற எல்லோருக்கும் ஃபைல் சார்தான். எந்தத் தாளைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவர், கோட்டு போட்ட ஒருவர் வீடியோவில் பங்குச்சந்தைப் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு ஸ்ப்ரெட்ஷீட்டில் குதித்துவிட்டார்.

பாடம் எளிது. பத்து நாள் வேகத்துக்குப் பதினோரு நாள் விலையை வரிசையாக எழுது. அடிவரியிலிருந்து மேல்வரியைக் கழி. விடை பிளஸ்ஸில் வந்தால் வேகம் இருக்கிறது. கட்டம் பச்சையாகும், வாங்கு. மைனஸில் வந்தால் வேகம் போய்விட்டது; கட்டம் சிவப்பாகும், விற்றுவிடு.

சிக்கல் பாடத்தில் இல்லை, மேஜையில் இருந்தது. கூடத்து ஜன்னலோரம் இருந்த அந்த மேஜை அவர் மனைவியுடையது. அதில் பூட்டியிருந்த தையல் மெஷினைக் கழற்றிக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு, கணினியை ஏற்றினார். போல்ட் துளைகள் நான்கிலும் பேனா செருகினார்.

“இருட்டுல நூலைக் கோக்குறேன்னு விரலைக் கோத்துக்கறேன். மேஜை எப்போங்க திரும்பி வரும்?” என்றாள் மனைவி.

“மூணு மாசம் டைம் கொடு. லாபம் வந்தா மேஜை எனக்கு. நஷ்டம் வந்தா நானே மெஷினைத் தூக்கிட்டு வந்து வைக்கிறேன்.”

“எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தார், இரண்டு பிரதி.

பங்குக் கணக்கு மனைவி பெயரில் இருந்தது. ஒரு குழாய்க் கம்பெனியின் இருநூறு பங்கு, இன்னும் அதே அளவு வாங்கத் தாராளமாகப் பணம். கோப்பறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே கட்டம் பேசும் நாளில் அவர் ஒரு சீட்டு எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு அலுவலகம் போவார். சந்தை திறந்ததும் மனைவி தரகர் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்வாள். லாப நஷ்டம் மூன்று மாதம் கழித்து உறையில் வரும். அதுவரை யாரும் கணக்கு விசாரிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் நான்காவது விதி. இடையில் பார்த்தால் மனசு ஆடும், மனசு ஆடினால் கட்டத்தை மீறத் தோன்றும் என்று கோட்டுக்காரர் எச்சரித்திருந்தார்.

இப்போது கட்டம் சிவப்பு, விலையோ ஏறுமுகம்.

“பத்து நாள் கணக்கு போதாது போல. இருபது நாளாக்கிப் பார்ப்போம்,” என்று மாற்றினார். அதுவும் சிவப்பு. “பார்த்தியா, பத்து நாள் கணக்கு பொய் சொல்லலை!” என்று ஐம்பது பங்கை விற்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

விலை இன்னும் ஏறியது. கோட்டுக்காரர் ‘இண்டிகேட்டர்’ என்று சொன்ன இன்னொரு காட்டியைச் சேர்த்தார். அதற்கும் தீனி அதே விலைப்பட்டியல்தான், சமர்த்தாகச் சிவந்தது. இரண்டு சாட்சி கிடைத்த தெம்பில் நூறு பங்கை விற்கச் சொன்னார். மூன்றாவது காட்டியையும் சேர்த்து முடித்தபோது விலை சரியத் தொடங்கியது. மூன்று கட்டமும் ஒன்றாகப் பச்சையாயின. ‘இருநூறு வாங்கவும்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

மனைவி சீட்டைப் படித்தாள். “இருநூறா? நல்லா யோசிச்சுத்தானே எழுதியிருக்கீங்க?”

“மூணும் ஒரே குரல்ல சொல்லுது.”

“அப்போ ரொம்பச் சரி,” என்றாள். அந்தக் குரலில் இருந்த குதூகலத்தை ஃபைல் சார் தன் மேதைமைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

கெடுவின் கடைசி நாள். மதிய இடைவேளையில் ஷீட்டை அச்செடுத்து, கணக்குப் பிரிவு அம்மாவிடம் பெருமையாக நீட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“சார், தேதியெல்லாம் தலைகீழா இருக்கே?”

“எங்கே? புதுசு மேலே, பழசு கீழே. சரியாத்தானே இருக்கு?”

“அது ஃபைலுக்கு சார். அடிவரியிலேருந்து மேல்வரியைக் கழிக்கணும்னா, புது விலை அடியில இருக்கணும். நீங்க பழைய விலையிலேருந்து புது விலையைக் கழிச்சிருக்கீங்க.”

ஃபைல் சார் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எழுத்துதான் தலைகீழாயிற்று.

“அப்போ மூணு மாசமா...”

“ஏறும்போது வித்துடுங்க, இறங்கும்போது வாங்குங்கன்னு சொல்லியிருக்கு. போகட்டும் சார், போட்டது ரொம்பவா?”

ஃபைல் சார் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேராகக் குளியலறை வாசலுக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷினைத் தூக்கினார்.

“என்னங்க இது? உறை வந்திருக்கு, இன்னும் பிரிக்கவே இல்லையே,” என்றாள் மனைவி.

“பிரிக்க வேண்டாம். எனக்குத் தெரியும். மேஜை உன்னோடது.”

மனைவியின் முகம் பூவாய் மலர்ந்தது. “அதனால என்னங்க, இதெல்லாம் சகஜம். டீ போடட்டுமா? சர்க்கரை தூக்கலா?”

அதற்குள் மகள் உறையைக் கிழித்துவிட்டாள். “அப்பா! லாபம்! முப்பத்தோராயிரம்!”

மெஷின் கையிலிருந்து நழுவி, நல்லவேளையாக நாற்காலியில் உட்கார்ந்தது.

“இருக்காது!” கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“சரியாப் பாருடி!” மனைவி தாளைப் பிடுங்கினாள். “முன்னாடி ஒரு சின்னக் கோடு இருக்கும், மைனஸ் கோடு!”

“கோடும் இல்ல, புள்ளியும் இல்லம்மா. சுத்த லாபம்.”

ஃபைல் சார் தாளை வாங்கினார். இரண்டு தடவை கூட்டினார். மூன்றாவது தடவை கூட்டும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

“தலைகீழா நின்னே இவ்வளவு அடிச்சிருக்கேன்! நேரா நின்னா சந்தை தாங்குமா?”

மெஷினை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளினார். மேஜையின் நான்கு துளைகளிலும் நான்கு பேனாக்களை எடுத்து எடுத்துச் செருகினார், கோட்டையைப் பிடித்தவன் கொடி நாட்டுவதுபோல. மனைவி உறையைத் தலைகீழாக உதறி, உள்ளே வேறு தாள் இருக்கிறதா என்று தேடினாள்.

அழைப்புமணி அடித்தது. கையில் ஸ்பேனர் பையோடு தையல் மெஷின் மெக்கானிக்.

“அக்கா, மேஜையில மெஷினைப் பூட்டணும்னு இன்னிக்கு வரச் சொன்னீங்களே?”

“திரும்பிப் போப்பா!” ஃபைல் சார் மார்பைத் தட்டினார். “மேஜை என்னோடது. நான் ஜெயிச்சுட்டேன்!”

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவி உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினாள். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை.

“அது எப்படி சார்?” என்றார் அவர், உண்மையாகவே குழம்பிப்போய். “‘எங்க வீட்டுக்காரர் கணக்கு ஒருநாளும் தப்பாது, அதனால அவர் வாங்குன்னு எழுதினா நான் விக்கச் சொல்லிடுவேன், வித்துடுன்னா வாங்கச் சொல்லிடுவேன், நஷ்டம் நிச்சயம்’னு அக்கா மூணு மாசம் முன்னாடியே எனக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களே!”