இழையை நிமிர்த்திய விவகாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் அத்தை நலம். என் நிலைமை இந்தக் கடிதம் முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். தயவுசெய்து தனியாக இருக்கும்போது படிக்கவும். போனில் சொன்னால் பக்கத்தில் உங்கள் மனைவி இருப்பாள், என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறார்கள், தரை அதிர்கிறது என்று அந்தக் கண்ணாடித் தொட்டியை நம் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. என் நெஞ்சளவு உயரம், உள்ளே தேனைவிடக் கெட்டியான எண்ணெய், எதிரே ஒரு கேமரா. அதில் தலைமுடி மாதிரி ஓர் இழையைச் செங்குத்தாக விட்டுவிட்டு, அது விழும்போது எப்படி வளையும், எப்படிப் புரளும் என்று கம்ப்யூட்டரில் போட்ட கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டுமாம். ஒத்துப்போனால் பட்டம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் நீங்கள் ஓர் ஊர், அவள் ஓர் ஊர். உங்களைப் பார்க்கக் கிளம்பும்போது, ஃபேன் போடாதீர்கள், கதவை அறையாதீர்கள், மற்றபடி சும்மா இருங்கள் என்றாள். அந்தக் கடைசி வேலைதான் எனக்கு வரவில்லை.

காலை முழுக்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இழை விழுகிறதா, நிற்கிறதா என்றே புரியவில்லை. "நூல் விழறதப் பாத்துக்கிட்டே நீங்க விழுந்துடாதீங்க" என்று அத்தை கேலி செய்துவிட்டுக் குளிக்கப் போனாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், செங்குத்தாக இருந்த இழை படுத்துக்கொண்டு, இரண்டு முனையும் மேலே தூக்கி, வளைந்து கிடக்கிறது. நான் இருமியதாலா, நாற்காலியை நகர்த்தியதாலா என்று ஒன்றும் ஓடவில்லை. நூற்பாலையில் காலமெல்லாம் மேஸ்திரியாக இருந்தவன் நான், கோணலான நூலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அத்தையின் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுத்து, முழங்கைவரை எண்ணெயில் விட்டு நிமிர்த்தினேன். ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் மடங்குகிறது, ஊசியை இழுத்தால் எண்ணெயும் கூடவே வருகிறது, எண்ணெயோடு இழையும் வருகிறது. ஒருவழியாக நிறுத்திவிட்டுத் திரும்பினால் அத்தை நிற்கிறாள். "அது வளையறதப் பாக்கத்தானே புள்ள வெச்சுட்டுப் போனா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து சோறு இறங்கவில்லை, வாசலில் ஆட்டோ நின்றால்கூட அவள்தானோ என்று ஜன்னலுக்கு ஓடுகிறேன். குழந்தையின் ஒரு வருஷத்தைப் பாழாக்கிவிட்டேனே மாப்பிள்ளை.

ஆகவே எதையாவது சொல்லி அவளை இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே நிறுத்தி வையுங்கள். வயிறாரச் சாப்பிட்ட பிறகு, நல்ல மனநிலை பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் நீடூழி வாழ என் ஆசிகள். சம்பந்திகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவளே கூப்பிட்டுவிட்டாள். கேமரா எடுக்கும் படமெல்லாம் உடனுக்குடன் அவளுக்குப் போய்விடுமாம். என் கை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் நான் நிமிர்த்திவிட்ட இழை, கீழே போகப் போகத் தானாகவே படுத்து, அச்சு அசல் அதே வளைவுக்கு வந்துவிட்டதாம். எப்படி விட்டாலும் கடைசியில் அங்கேதான் வரும் என்பதுதான் அவள் கணக்காம். "திட்டலப்பா. நாளைக்கு வேற இழை போட்டு, நீங்களே சாய்வா விடுங்க. அப்புறம் தலைகீழா ஒரு தடவை. நான் இங்கருந்தே பாத்துக்கறேன்" என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தெரியாமல் செய்தபோது நடுங்காத கை, இப்போது ஊசியைப் பார்த்தாலே நடுங்குகிறது. அவளை முதல் வண்டியில் அனுப்பி வையுங்கள்.