பதிமூணேமுக்கால் மாமாவும் இரண்டு சாமி விளக்கும்

கரண்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் ரங்கூனில் லட்சக்கணக்கில் உண்டு. கரண்டே கண்டு பயந்த மனிதர் என்றால் அது எங்கள் பதிமூணேமுக்கால் மாமாதான். மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அவர் அறைக்குள் மின்சாரம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையும் என்று தெருவில் சொல்வார்கள். நுழைகிற நாட்களில், என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் பாதி நாள் அது எங்கள் பக்கமே தலைகாட்டாது.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தொழில், வயர்லெஸ் வைத்தியம். கைபேசி வாங்க வீட்டை விற்க வேண்டியிருந்த காலம் அது. அதனால் படகு கம்பெனிகளிலும் லாரி கம்பெனிகளிலும் பழைய சி.பி. ரேடியோ ஒன்றை மேசைமேல் வைத்து, மைக்கை அமுக்கிப் பேசுவார்கள். டிரங்குப் பெட்டி அளவு இருக்கும் அந்த ரேடியோவால் தெருக் கரண்டை நேராகச் சாப்பிட முடியாது. பக்கத்தில் பவர் சப்ளை என்று இன்னொரு பெட்டி உட்கார்ந்து, கரண்டைச் சின்னதாக்கி ஊட்டிவிட வேண்டும். அளவு பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட். குறைந்தால் ரேடியோ முனகும், கூடினால் கருகும். மாமா தூக்கத்தில்கூட இந்த எண்ணைத்தான் சொல்வார் என்பதால் ஊர் அதைச் சுருக்கி அவருக்கே பெயராக வைத்துவிட்டது. அதில் அவருக்கு ஒரே ஒரு வருத்தம்.

"முக்கால் இல்லடா, புள்ளி எட்டு! மீதி அஞ்சு காசு வோல்ட்ட உங்கப்பனா வந்து குடுப்பான்?"

டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதுபோல் அவர் கழுத்தில் வோல்ட் மீட்டர் தொங்கும். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். டீக்கடைச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி அதன் பேட்டரியை அளந்து, "இது நாளைக்குச் சாயந்தரம் தாண்டாது" என்றார். தாண்டவில்லை. கடைக்காரர் புது பேட்டரி போட்ட கையோடு கடிகாரத்தை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டார்.

ஒருமுறை பக்கத்து வீட்டார் தின்கன்ஜூனுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது, பெரிய மனிதர் துணைக்கு இருக்கட்டும் என்று இவரையும் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டை நீட்ட, இவர் சுவர் பிளக்கில் மீட்டரைச் சொருகினார்.

"நூத்தி நாப்பது வோல்ட்டு. இருநூத்தி இருவது வரணும். பொண்ணு இங்க கரண்டு அடுப்புல சோறு பொங்கி முடிக்கறதுக்குள்ள பேரன் பொறந்துடுவான். எந்திரிங்க."

எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் மாப்பிள்ளையே ஒரு ஸ்டெப்-அப் பெட்டி, அதாவது சோர்ந்து வரும் கரண்டைத் திருகி ஏற்றும் பெட்டி, வாங்கி வைத்துவிட்டு ஆள் அனுப்பினார். கல்யாணம் நடந்தது. மணப்பந்தலில் மாமா முதலில் மைக்செட்டை அளந்தார், பிறகுதான் அட்சதை போட்டார்.

ரேடியோ பழுது பார்க்கப் போனால் "என்ன கோளாறு?" என்று அவர் கேட்கமாட்டார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றுதான் கேட்பார். ஒரு லாரி கம்பெனிக்காரர், எரிந்துபோன பியூசின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டியிருந்தார். பவர் சப்ளை உள்ளே வெந்து கிடந்தது. மாமா அந்தப் பியூசை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்களுக்குப் பதிலா சாகறதுக்குன்னு ஒருத்தன இங்க வெச்சிருக்கு. அவனச் சாகவிடாம சட்டை போட்டு உக்கார வெச்சா, வீட்ல இருக்கறவன் சாவான். பெட்டிகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார். கேட்ட பிறகுதான் ஸ்குரூ டிரைவர் வெளியே வந்தது.

பழுது தீர்ந்ததா என்று பார்க்க அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. ரேடியோ கேட்கும்போது கரண்டைக் கொறிக்கும். பேசும்போதுதான் அள்ளி விழுங்கும். ஆகவே மைக்கை அமுக்கிக்கொண்டு, ஊரைச் சுற்றி வரும் ரயிலின் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்வார். லன்மடோ, கெமண்டைன், லேடான், தமைன், இன்செயின்... முழுச் சுற்றும் சுற்றித் திரும்புகிறவரை மீட்டர் முள் அசையக் கூடாது. இன்செயினில் முள் ஆடினால் பெட்டியைத் திறந்து மறுபடி முதலிலிருந்து. ஆற்றில் படகோட்டிகள் இதைக் கேட்டு, "எந்த பிளாட்பாரம், சயா?" என்று குறுக்கே விழுவார்கள். வாத்தியாரையும் மெக்கானிக்கையும் பர்மாவில் சயா என்றுதான் கூப்பிடுவோம். இந்தச் சயா அவர்களுக்குச் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் நான் ஒரு படகு கம்பெனியில் ரேடியோவில் பேசும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்துப் பத்தாம் வகுப்பு தேறிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, கூச்சப்படுவதற்கா படித்தேன்? அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலா துறையில் மூட்டை தூக்குகிறவர். என் குரல் அங்கே படகோட்டி கோ தூனின் பெட்டியில் ஒலிக்கும்போது, அப்பா மூட்டையை இறக்கிவைத்து, "பேசறது யாரு தெரியுமில்ல? எம் மக" என்று துறையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வாராம். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஆனால் சேர்ந்த இரண்டாம் வாரமே ரேடியோ மக்கர் செய்ய ஆரம்பித்தது. டாலாவிலிருந்து வருவது கணீரென்று கேட்கும். நான் மைக்கை அமுக்கினால் பேச்சு துண்டு துண்டாகப் போகும். "இன்னைக்குச் சந்தை லீவு, கீரை ஏத்தாதே, நாளைக்கு வா" என்றேன். கோ தூனுக்குக் கேட்டது "கீரை", "வா" இரண்டும்தான். மூடிக் கிடந்த சந்தைக்கு ஒரு படகு நிறையப் புளிச்சகீரை வந்து இறங்கியது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் எல்லோரும் புளிச்சகீரைதான் சாப்பிட்டோம்.

"படிச்ச பொண்ணுன்னு வெச்சேன். நீ வர்ற வரைக்கும் இந்த ரேடியோ நல்லாத்தான் பேசிட்டிருந்துச்சு" என்றார் முதலாளி. பிறகு ஆள் அனுப்பிப் பதிமூணேமுக்கால் மாமாவை வரவழைத்தார்.

மாமா வந்ததும் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். நானும் எழுந்தேன்.

"நீ எங்க போற? நோயாளி கூட ஒரு ஆள் வேணும். என்ன படிச்சிருக்க?"

"பத்தாவது பாஸ், மாமா."

"சரி, பத்தாங்கிளாஸ், மைக்க அமுக்கிப் பேசு."

"என்ன பேச?"

"ரயில விடு."

"லன்மடோ" என்றேன். அவ்வளவுதான். முள் பதினொன்றுக்குச் சரிந்தது, ரேடியோ விக்கி நின்றது. மாமா பவர் சப்ளையின்மேல் கை வைத்தார், குனிந்து மோந்து பார்த்தார்.

"இது ஒரு ரேடியோவுக்குச் சோறு போடற பெட்டி. பந்தியில வேற எவனோ உக்காந்திருக்கான்."

பெட்டியின் பின்னால் இரண்டு மெல்லிய வயர்கள் சுவரில் ஏறின. அவற்றைக் கண்ணாலேயே தொடர்ந்துபோன மாமா, மேலே இருந்த இரண்டு சாமி விளக்குகளில் போய் முட்டினார்.

இங்கே முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தமிழர், முருக பக்தர். மனைவி டோ மியா பர்மியப் பெண், புத்த பக்தை. இருவருக்குள்ளும் எந்தச் சண்டையும் கிடையாது, சாமி விளக்கைத் தவிர. சுவரின் இடப்பக்கம் முருகன் படம், வலப்பக்கம் புத்தர் மாடம். தைப்பூசத்துக்கு முதலாளி முருகனைச் சுற்றி லாரி பல்புகள் மாட்டினார். நான் சேர்ந்த மறு வாரம் டோ மியா புத்தர் தலைக்குப் பின்னால் பல நிறத்தில் சுழலும் ஒளிவட்டம் மாட்டினார். முதலாளி இன்னும் ஆறு பல்பு சேர்த்தார். தெருக் கரண்டு போனாலும் சாமி இருட்டில் இருக்கக் கூடாது என்று, பேட்டரி இணைத்திருந்த ரேடியோ சப்ளையிலிருந்தே இருவரும் வயர் இழுத்துவிட்டார்கள்.

மாமா இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"முதலாளி, ரேடியோவப் பாக்காதீங்க, சாமியப் பாருங்க. பத்தாங்கிளாஸ், பேசு."

அமுக்கினேன். முருகன் மங்கினார். புத்தரின் ஒளிவட்டம் பாதிச் சுற்றில் நின்றது. விட்டேன், பளிச். அமுக்கினேன், மங்கல்.

"பாத்தீங்களா?" என்றார் மாமா பெருமையாக. "இந்தப் பொண்ணு வாயத் தொறந்தா ரெண்டு சாமியும் வாடுது!"

அவர் வாழ்நாளில் செய்த பெரிய ஷார்ட் சர்க்யூட் இந்த ஒரு வாக்கியம்தான்.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! உனக்கே இவ பேசறது பிடிக்கலயா?"

"அமலே! பயாவும் முகத்தத் திருப்பிக்கிச்சே!" என்று டோ மியா தன் பயாவை, அதாவது புத்தரை, பார்த்துக் கும்பிட்டார். "ஏ பொண்ணு, நீ என்ன கிழமைல பொறந்த?"

பர்மாவில் பிறந்த கிழமைதான் பாதி ஜாதகம். "சனிக்கிழமை" என்றேன்.

"அதான்!"

"அம்மா, கிழமை இல்ல, வோல்ட்டு!" மாமா கத்தினார். "பெட்டி தாங்கல. கொஞ்சம் பல்பக் கழட்டினா போதும்."

"யாரோட பல்ப?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். முதலாளி ஒளிவட்டத்தைப் பார்த்தார், டோ மியா லாரி பல்புகளைப் பார்த்தார்.

"அவர் முதல்ல கழட்டட்டும், சயா."

"தைப்பூசத்துக்குப் போட்டது, நான் எப்படிக் கழட்டறது?"

நெடுநேரம் வாதாடிக் கடைசியில் தம்பதி ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். சாமி இருக்கட்டும், நான் போகட்டும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வா. அப்புறம் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை டாலாவிலிருந்து கோ தூன் பேசினார். "உங்கப்பா கேக்கச் சொன்னாரு. கொரலு விட்டு விட்டு வருதே, காலைல சாப்பிடலியா?" நான் மைக்கை அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் அழுகையாவது முழுசாகப் போயிருக்குமா என்பது சந்தேகம்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. அதில் மனிதர் உட்காரும் இடத்தில் ஒரு இரும்புப் பெட்டியும் லாரி பேட்டரியும் உட்கார்ந்திருந்தன. மாமா பக்கத்தில் நடந்தே வந்தார். ரிக்‌ஷாக்காரர் வியர்வையைத் துடைத்தபடி, "அவரு ரூம்லேருந்து கழட்டிட்டு வர்றாரு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னத் திட்டினாரு" என்றார்.

அந்தப் பெட்டியை அவர் தெரு முழுக்க அறியும். மாமா தன் கையால் கட்டிய பவர் சப்ளை. ஊரே இருண்டு கிடக்கும்போது அவர் அறையில் மட்டும் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் அதன் புண்ணியத்தில் ஓடும். அதைத் தொட்டவனிடம் ஒரு மாதம் பேசமாட்டார்.

யாரையும் எதுவும் கேட்காமல் ரேடியோவைப் பழைய பெட்டியிலிருந்து பிரித்துத் தன் பெட்டியில் இணைத்தார். பழைய பெட்டியும் பழைய பேட்டரியும் முழுக்க முழுக்கச் சாமிகளுக்கு. பிறகு அவர் முதலாளியிடம், "நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க, பொண்ணப் பேசச் சொல்றேன்" என்றார். மாமாவா இது என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

நேரம் வந்தது. அமுக்கினேன். முருகன் அசையவில்லை. ஒளிவட்டம் நிற்காமல் சுழன்றது. பந்தி முழுக்கத் தங்களுக்கே கிடைத்துவிட்டதால் இருவரும் முன்னைவிடப் பிரகாசமாக இருந்தார்கள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு, முதலாளி" என்றார் மாமா. தன் ஆயுளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "பொண்ணு மேல சாமிக்குக் கோவமே இல்ல. போயும் போயும் ஒரு ரேடியோ கூட ஒரே பந்தியில உக்கார வெச்சிட்டீங்களேன்னுதான் வருத்தம். இப்பப் பாருங்க, பொண்ணு பேசப் பேசச் சாமி சிரிக்குது."

"அதானே பாத்தேன்!" என்றார் முதலாளி.

"சனிக்கிழமைப் பொண்ணு வாய்க்கு சக்தி ஜாஸ்தி, சயா. நான் அப்பவே சொல்லல?" என்றார் டோ மியா.

நான் அழுத்திய மைக்கை விடாமல் ஊரைச் சுற்றி முழு ரயிலையும் ஓட்டி முடித்தேன். விட்டதும் டாலாவிலிருந்து கோ தூன் சிரிக்கும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால், தள்ளி நின்று, மைக் இல்லாமலே ஆற்றைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு அப்பா கத்தினார்: "எம் மக! நிறுத்தாமப் பேசினா பாத்தீங்களா!"

சாயந்தரம், வேலை நிரந்தரம் என்று முதலாளி சொன்னதை மாமாவிடம் சொல்லப் போனேன். தெருவில் கரண்டு இல்லை. மற்ற நாட்களில் வெளிச்சமாக இருக்கும் அவர் அறையும் மற்ற அறைகளைப்போலவே இருட்டாகத்தான் இருந்தது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பனியன் நனைய, பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"முள்ளு ஆடுச்சா?" என்றார்.

"ஆடல, மாமா. வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாங்க."

"ம். அப்ப இங்க என்ன நிக்கிற? பஸ்ஸப் பிடி."

"பெட்டிய எப்ப திருப்பி எடுத்துக்குவீங்க?"

"புருசனும் பொண்டாட்டியும் பல்பக் கழட்டினதுக்கு அப்புறம்."

அப்படி ஒரு நாள் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த விசிறியை வாங்கி விசிற ஆரம்பித்தேன்.

"விசிறறதா இது? ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி! ஒரே சீரா வரணும். பத்தாங்கிளாஸ் வரைக்கும் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

அவர் திட்டிக்கொண்டே இருந்தார், நான் விசிறிக்கொண்டே இருந்தேன். கரண்டு வந்தால் தெருவே "மீ லாபி!" என்று கத்திக் கொண்டாடும். அன்று மட்டும் அது கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.