கராஜுக்குக் கரண்டு

மாமனார் எல்கடுவவிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார். அவரை மாத்தளைத் தேருக்குப் புதுக் காரில் கூட்டிப் போவதாக அழகர்சாமி பீற்றியாயிற்று. காரோ கரண்டில் ஓடுவது. கராஜ் தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே ஒரு பல்பு எரியக்கூட வழியில்லை.

குசினி ஜன்னல் வழியாக இழுத்த வயர் தடுக்கி, மனைவி மேனகா பருப்புச் சட்டியோடு விழுந்தாள். எழுந்ததும் தீர்ப்பு வந்தது.

"வயர் மண்ணுக்குள்ள போகணும். இல்லாட்டி நீங்க போகணும்."

மதில் ஓரமாக நேரே ஒரு கான் வெட்டி, பைப்புக்குள் வயரை விட்டு மூடினால் முடிந்தது வேலை. அழகர்சாமி மண்வெட்டியைத் தூக்கினார். பக்கத்து வீட்டுத் தியாகராஜா, அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"மதில் கரையால வெட்டாதேங்கோ. சரிஞ்சு போம்."

படித்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அழகர்சாமி கொய்யா மரத்தைச் சுற்றி வளைத்து வெட்டினார். பாறை தட்டியது. மண்ணைத் தொடுமுன் பூசை போட்டீரா என்று தியாகராஜா விசாரித்தார். உடனே தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழமும் வெட்டி வைத்தாயிற்று. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கண்ணூறு படுமென்று தியாகராஜா தன் வீட்டு நீலத் தறப்பாளையே கொண்டுவந்து சுற்றிக் கட்டக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனம்.

குழி, பூசை, தறப்பாள். இந்த நாட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: திருட்டுப் புதையல். மறுநாள் காலையில் யாரோ போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

ஜீப் வந்தது. வயர் போடத்தான் வெட்டுகிறேன் என்று அழகர்சாமி சத்தியம் பண்ணினார். நெளிந்து கிடந்த கானை இன்ஸ்பெக்டர் ஒரு தடவை பார்த்தார். வயருக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று சிங்களத்தில் கேட்டார். மாமனார் இனி ரிமாண்டுக்கு வந்துதான் மருமகனைப் பார்க்கவேண்டும் போல.

நல்லவேளை, தியாகராஜா ஓடி வந்தார். பாவம், குழியை மூடச் சொல்லிவிட்டு ஆளை விட்டுவிடுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினார். அழகர்சாமி கண்கலங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவன்கூட இப்படி வந்து நிற்கமாட்டான்.

இன்ஸ்பெக்டர் மசியவில்லை. தோட்டத்தில் ஒரு மூலை விடாமல் கிண்டச் சொன்னார். கான்ஸ்டபிள் ஸப்ரி அலவாங்கை எடுத்துக்கொண்டு, இன்னும் யாரும் கை வைக்காத மதில் ஓரத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கிண்டிவிட்டு நிமிர்ந்தார்.

"புதையல் ஒன்டும் இல்ல அண்ணே. ஒங்கட மீட்டர்ல இருந்து மதிலுக்குக் கீழால இந்த ஐயாட வீட்டுக்கு ஒரு வயர் போகுது."