மரங்கொத்தியிடம் கொடுத்த வாக்குமூலம்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒப்புக்கொள்ள அவசியமே இல்லாத ஒரு விஷயத்தை அன்றைக்கு ஒப்புக்கொண்டேனே, அதை நினைத்தால்தான் இன்றும் காது சுடுகிறது.

அப்போது நெய்வேலியில் எனக்கு கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி குவார்ட்டர்ஸ் பெர்மனென்ட்காரர்களுக்குத்தான். அப்படிப்பட்ட முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் தன் பெயரிலிருந்த வீட்டை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். யார் கேட்டாலும் நான் அவருடைய தம்பி. செக்கிங்கில் மாட்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். மனைவி கலாவுக்கோ ஏழாம் மாதம். அந்த வயிற்றோடு அவளை எங்கே கூட்டிப்போவது என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்காது. செக்கிங்காரர்கள் பின்கதவைத்தான் தட்டுவார்கள் என்று யாரோ வேறு கிளப்பி விட்டிருந்தார்கள். (முன்பக்கம் தட்டினால் பின்பக்கமாக ஓடிவிடுவோமாம்.)

அன்றைக்கு எனக்கு செகண்ட் ஷிஃப்ட், மதியம்தான் வேலை. காலை பத்து மணி இருக்கும். பின்கதவில் டொக் டொக் டொக்.

கலா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வந்துட்டாங்க போலிருக்குங்க."

"யாருங்க?" என்றேன். பதில் இல்லை. மறுபடி டொக் டொக் டொக். (பேசாத அதிகாரியைப் போலப் பயங்கரமானவர் உலகத்தில் கிடையாது.) கட்டிலுக்கடியில் பாதி நுழைந்துவிட்டேன். கலா தனியாக நிற்பது உறைத்ததும் வெளியே வந்தேன். 

"சார், தப்புதான் சார்!" மூடிய கதவைப் பார்த்துக் கும்பிட்டேன். "நான் அவரு தம்பி இல்ல சார். உள்வாடகைக்கு இருக்கோம். அஞ்சு மாசமாவுது. சம்சாரம் முழுகாம இருக்குது சார். கொழந்த பொறக்கட்டும், காலி பண்ணிடறோம்!"

டொக் டொக் டொக் டொக். இரக்கமே இல்லை.

கலாதான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அது ஒரு பறவைங்க!"

கறையான் அரித்த கதவில் தொற்றிக்கொண்டு, ஒரு பொன்முதுகு மரங்கொத்தி நீண்ட அலகால் பூச்சி தோண்டிக்கொண்டிருந்தது. போன உயிர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். அது பறந்துபோனது. மதிலுக்கு அந்தப் பக்கம், பிழிந்த லுங்கியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அண்ணன் நின்றிருந்தார். வீடு ஒதுக்கும் ஆபீஸில் வேலை பார்ப்பவர்.

"இத்தினி நாளா தெரிஞ்சிக்கினுதான் சும்மா இருந்தேன் தம்பி," என்றார், நிஜமான வருத்தத்தோடு. "இப்ப தெருவுக்கே கேட்டுப்போச்சே. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற வூடு பாத்துக்கங்க."

பண்ருட்டியில் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. மகள் அங்கேதான் பிறந்தாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். இன்றும் யாராவது கதவைத் தட்டினால், நான் எழுந்திருக்கும் முன்பே உள்ளேயிருந்து ஓடி வருகிறாள்:

"அப்பா, நீ வாயத் தொறக்காத. யாருன்னு மொதல்ல நான் பாத்துட்டு வரேன்."