ஒன்பதாம் குழிக்கு நாலு மார்க் போட்டது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓசூரிலிருந்து கி. திம்மராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பத்திரிகையும் நலம் என்பது ஆண்டு மலரின் விளம்பரங்களைப் பார்த்தாலே தெரிகிறது. நான் கோல்ஃப் ஆடுபவன் அல்ல. உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் என்ஜினியர்.

தாங்கள் வெளியிட்ட ‘இந்தியாவின் சிறந்த ஐம்பது கோல்ஃப் மைதானங்கள்’ பட்டியலில் முதல் பத்தில் ஐந்து டெல்லிப் பக்கம், மூன்று பெங்களூர். முதலில் விமான அட்டவணை என்றே நினைத்தேன். தளி ரோட்டில் உள்ள எங்கள் மைதானம் முப்பத்தொன்றாவது. ஆறு நடுவர்கள், பெயர் இல்லை, மார்க் மட்டும் உண்டு. எங்கள் ஒன்பதாம் குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு ஐந்து பேர் எட்டு போட்டிருக்கிறார்கள். ஒருவர் நாலு.

அந்தப் புல்தரையைப் போட்டது என் மனைவி மேகலா. வேளாண்மை படித்தவள். மைதானத்துப் புல் முழுக்க அவள் பொறுப்பு. டிசம்பரில் காய்ச்சலில் இறந்துபோனாள். இப்போது மைதான மேனேஜர் கிருஷ்ணப்பன், அந்த நாலு மார்க்கைக் காட்டி, வரும் திங்கட்கிழமை அதைத் தோண்டப் போகிறார். அதற்குள் தாங்கள் அந்த நாலை நீக்க வேண்டும்.

எங்க கம்பெனியில ஒரே பீஸை ஆறு பேர் அளந்து ஒருத்தனுக்கு மட்டும் வேற அளவு வந்தா, பீஸைத் தூக்கிப் போட மாட்டோம், அந்த ஆளோட கருவியை வாங்கிப் பார்ப்போம். அந்த ஆள் யாருன்னு என்கூட வேலை பார்க்கிற ரசூல்கிட்ட கேட்டேன். “பெங்களூர்காரன்தான்டா. ஜூஜுவாடி பார்டர் தாண்டினா போன் நெட்வொர்க்கே கன்னடத்துல பேசுது, மார்க்கு மட்டும் தமிழ்ல வருமா?”ன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. மைதானத்து கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். போன நவம்பர்ல மார்க் போட வந்த வண்டி அஞ்சுதான். அப்ப ஆறாவது ஆள் வராமலே போட்டிருக்கான். சரி, நீங்க ஒன்பது மார்க் குடுத்த பெங்களூர்ப் புல்லையும் பார்த்துடலாம்னு மில்லிமீட்டர் அளக்கிற வெர்னியரை எடுத்துக்கிட்டு அத்திப்பள்ளி தாண்டிப் போனேன். கம்பெனி ஐடி கார்டைக் காட்டினதும் அளக்க வந்த ஆள்னு நினைச்சு உள்ள விட்டுட்டாங்க. அளக்கத்தானே போனேன். குப்புறப் படுத்து ஒவ்வொரு புல்லா அளந்துக்கிட்டிருந்தப்ப செக்யூரிட்டி வந்து, “ஏனு சார் கள்கொண்ட்ரி?”ன்னார். என்ன தொலைச்சீங்கன்னு கேட்கிறார். நான் அடுத்த புல்லுக்கு வெர்னியரை வெச்சேன். “மோதிரமா சார்? சாவியா?”ன்னு தமிழ்லயும் கேட்டுப் பார்த்துட்டு, “பரவால்ல, தேடலாம்”னு அவரும் மண்டி போட்டார். மட்டைப் பை தூக்குற ரெண்டு பேரும் வந்து சேர்ந்துக்கிட்டாங்க. அரை மணி நேரம் நாலு பேரும் தேடினோம். கிளம்புறப்ப என் நம்பரை வாங்கிக்கிட்டு, “கிடைச்சா போன் பண்றேன் சார்”னார். அந்தப் புல்லோட உயரம் சராசரி மூணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். மேகலாவோடது மூணு புள்ளி ஒண்ணு. இதுக்கு ஒன்பது, அதுக்கு நாலா?

ஆகவே ஐயா, திங்கட்கிழமைக்குள் ஆவன செய்யவும். தங்கள் வீட்டாருக்கும், நடுவர்களில் ஐந்து பேருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
கி. திம்மராயன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கிருஷ்ணப்பன் போன் செய்தார். “திம்மராயா, நடுவர்ல ஒருத்தர் உள்ளூர் ஆளா இருக்கணும்னு அவங்க ரூல். எனக்கு என்னப்பா புல்லைப் பத்தித் தெரியும்? மார்க் போடச் சொல்லி எனக்கு வந்த பாரத்தை மேகலாகிட்டதான் குடுத்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார். நகலும் அனுப்பினார். அவள் கையெழுத்துதான். மற்ற பதினேழு குழிக்கும் எட்டு, ஒன்பதாவதுக்கு நாலு. பக்கத்தில், ‘மேல நல்லாத்தான் தெரியும். அடியில வடிகால் சரிவு தப்பு. போட்டது நான்தான். தோண்டணும்’ என்று எழுதியிருக்கிறாள். நாலை நீக்க வேண்டாம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மட்டும் அவள் எழுதவில்லை. தோண்டும்போது நான் அளந்து பார்க்கிறேன்.