அத்தானின் டிவியில் என் எச்சரிக்கை

பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொல்வதெல்லாம் கேட்கிறவர்களுக்கு மட்டுந்தான், நமக்கில்லை என்று நினைத்துவிடுவோம். எனக்கு அது முற்றியபோது பெரியகல்லாற்றில் அக்கா வீட்டுக்குக் காவல் இருந்தேன்.

அத்தானுக்குக் கட்டாரில் வேலை. போன லீவில் ஒரு ஓலெட் டிவி வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, ஆசைதீரப் பார்க்காமலே திரும்பியிருந்தார். அக்காவும் கைக்குழந்தையும் சில மாதம் அவரோடு இருக்கப் போனார்கள்.

எனக்கோ பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பேசவேண்டிய தலைப்பு சேதனக் குறைகடத்திகள். மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிரும் காபன் சேர்வைகளைப் பற்றியது. அத்தானின் டிவித் திரையே அவற்றால் ஆனதுதான். (விடுவேனா நான்?) மடிக்கணினியை அதில் கொழுவினேன். வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். திரை இடையில் அணைந்து தொல்லை தராதபடி பாதுகாப்பு வசதிகளையெல்லாம் நிறுத்தினேன். பேச்சுக்குத் தயாரித்ததில் ஒரு பக்கம் மட்டும் மனதில் நிற்காமல் அடம்பிடித்தது. சமைக்கும்போதும் கண்ணில் படட்டும் என்று அதை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தேன். கறுப்பில் பெரிய வெள்ளை எழுத்து: “ஒரே படத்தை நெடுநேரம் ஒளிரவிடக் கூடாது. சேதனப் படலம் தேய்ந்துவிடும்.”

அத்தானும் லீவில் அவர்களோடு திரும்பும் நாள் காலையில் கணினியைக் கழற்றிவிட்டு டிவியைப் போட்டேன். செய்தி வாசிப்பவரின் வெள்ளைச் சட்டையில் மங்கலாக ஏதோ எழுதியிருந்தது. அலைவரிசையை மாற்றினேன், அங்கும் அதே எழுத்து. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். (விஞ்ஞானப் பட்டதாரி!) திரையைச் சீராக்கும் வசதி டிவியிலேயே இருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கும்பிட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்தபோது அக்காவின் அழைப்பும் வந்தது. அவர்கள் வரும் வான் களுவாஞ்சிகுடி தாண்டி வீட்டை நெருங்கிவிட்டதாம், அத்தானுக்குக் கிரிக்கெட் மெச் பார்க்க வேண்டுமாம். மனிதர் வெயிலில் நின்று உழைத்து வாங்கிய சாமான். இருட்டுக் காட்சிகளில் எழுத்து தெரியவில்லை என்று கண்டுபிடித்து, அவசரமாக ஒரு பேய்ப்படத்தைப் போட்டுவைத்தேன்.

அத்தான் வந்தார், காற்சட்டையைக் களைந்து சாரம் கட்டினார், நாற்காலியை டிவிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். பேயைக் கொஞ்சநேரம் பொறுத்துக்கொண்டார். கதை நன்றாகப் போகிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ரிமோட்டை எடுத்தார். பச்சைப்பசேலென்று மைதானம் விரிந்தது, அதன் குறுக்கே என் எழுத்தும்.

அத்தான் எழுந்து கிட்டப் போனார். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

“இத எழுதினது நீதானே, புள்ள?”

“ஓம் அத்தான்.”

“அப்ப நீ வாசிக்கல்லயா?”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதேன். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. வேலை கிடைத்தது. புது டிவி வாங்கித் தருகிறேன் என்றேன். இதைப்போல ஒன்று கடையில் கிடைக்காது என்று அத்தான் மறுத்துவிட்டார்.

அக்காவின் மகள் இப்போது எழுத்துக் கூட்டப் பழகுகிறாள். அவள் முதன்முதலில் வாசித்த சொல் ஒரு பந்துவீச்சாளரின் நெஞ்சில் இருந்தது: கூடாது. என்ன கூடாது என்று தகப்பனிடம் கேட்டாள். லீவில் வந்திருந்த அத்தான் மெச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“சின்னம்மாட்டக் கேளு மகள். அவதான் படிச்சவ.”