ஆரோக்கியம் அண்ணனை வெளுத்த லேப்டாப்

இறந்துபோனவர்களுக்குக் கெடுதல் செய்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் ஒருமுறை செய்துவிட்டேன். ஒரு மனிதரை, அவர் செத்த முப்பதாம் நாளில், அவருடைய மனைவிக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கினேன். அதற்கு ஓர் எக்செல் அட்டவணையும் கொஞ்சம் தன்னம்பிக்கையும் போதுமானதாக இருந்தன. (தன்னம்பிக்கை தேவைக்கு மேலேயே இருந்தது.)

என் மனைவி ஸ்டெல்லா, ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, நினைவு அட்டைகள் செய்து கொடுக்கிறாள். எங்கள் ஆட்கள் யாராவது தவறிவிட்டால் முப்பதாம் நாள் கோயிலில் பூசை வைப்போம். பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஓர் அட்டை கொடுப்போம். அதில் இறந்தவரின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, ஒரு வேத வசனம். மக்கள் அதைப் பைபிளுக்குள் வைத்துப் பல வருடம் பாதுகாப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், உயிரோடு இருக்கும்போது யாரும் சாவதற்கென்று ஒரு நல்ல படம் எடுத்து வைப்பதில்லை. ஸ்டெல்லாவிடம் வருவதெல்லாம் கல்யாண வீட்டு கும்பல் படத்தில் நாலாவது வரிசை முகம், அல்லது பாதி மூக்கின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த பழைய அடையாள அட்டை. அதையெல்லாம் பொறுமையாகத் துடைத்து, இழுத்து, ஒட்டி, ஆளை மீட்டுக் கொடுப்பாள். அழகாக்க மாட்டாள். அதுதான் அவள் தொழில் ரகசியம். 'ஸ்டெல்லா போட்டா ஆள் அப்படியே இருப்பாரு' என்று ஒக்கலிபுரத்திலிருந்துகூடத் தேடி வருவார்கள். எங்கள் மகள் ஷெரினின் கல்லூரிப் படிப்பு, வெளிப்படையாகச் சொன்னால், இறந்தவர்களின் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போது அவளுடைய ஒன்பது வருடப் பழைய லேப்டாப் உயிரை விட்டது. நேரம் பார்த்து விட்டது. ஆரோக்கியம் அண்ணனின் அட்டை பாதியில் நின்றது.

ஆரோக்கியம் அண்ணன் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன். எங்கள் வரிசையில் அவர் ஏறாத ஏணி கிடையாது. என் கல்யாணத்துக்கு சீரியல் லைட் போட்டவர், ஷெரின் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கும் போட்டவர். ஆள் நல்ல கருப்பு. 'கரண்ட் போனா என்னைத் தேடாதீங்கப்பா, கிடைக்க மாட்டேன்' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவி பிலோமினா அக்காவிடம் இருந்தது பட்டன் போன். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. ஸ்டெல்லாதான் புதுநன்மை ஆல்பத்தைக் குடைந்து, ஏணி மேலிருந்து குனிந்து சிரிக்கிற ஒரு படத்தைக் கண்டுபிடித்தாள். மாதிரி பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, "நீ போட்டா சரியா இருக்கும் ஸ்டெல்லாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பிலோமினா அக்கா.

புது லேப்டாப் வாங்கும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. (நானே எடுத்துக்கொண்டேன் என்று ஸ்டெல்லா சொல்வாள்.) நான் தொம்மலூரில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். நாற்காலி முதல் ஏ.சி. வரை மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு திருகாணிகூட உள்ளே வராது. அப்படிப்பட்டவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது?

ஸ்டெல்லாவிடம் தேவைகளைக் கேட்டேன். பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க. முகம் சரியா தெரியணும். அவ்ளோதான்."

நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அது ஒரு ஸ்பெசிஃபிகேஷனாக எனக்குப் படவில்லை. மூன்று நாள் அலுவலக நேரத்தில் உட்கார்ந்து, பதினான்கு வரிசை கொண்ட அட்டவணை போட்டேன். ராம், எஸ்.எஸ்.டி., எத்தனையாவது தலைமுறை பிராசஸர், பேட்டரி எத்தனை மணி நேரம், வாரண்டி, எடை. முன்னறை மேசையை விட்டு ஆயுசுக்கும் நகராத ஒரு பொருளுக்கு எடைக்கென்று தனி வரிசை, அதற்குப் பத்து மதிப்பெண். திரைக்கு வரிசையே இல்லை. திரை எல்லா லேப்டாப்பிலும்தான் இருக்கிறதே என்று நினைத்தேன்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போய், அட்டவணையில் முதலிடம் பெற்ற மாடலை எடுத்துக் காட்டச் சொன்னேன். விற்பனையாளர் கன்னடம் கலந்த தமிழில் என்ன வேலைக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"ஃபோட்டோ வேலைக்கா சார்? அப்ப இது பேடா, வேணாம். மத்ததெல்லாம் ஓகே, ஸ்கிரீன் மட்டும் சொல்ப, கொஞ்சம் சுமார். இன்னொரு நாலாயிரம் போட்டு இதை எடுத்துக்கங்க."

நான் சிரித்தேன். பர்ச்சேஸ் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர்களுக்கு மட்டும் வருகிற சிரிப்பு அது. யாருக்குக் காது குத்துகிறாய் என்று அதற்குப் பொருள். அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு பில் போட்டார். அன்று அந்தக் கடையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மிச்சம் பிடித்த நாலாயிரத்தை நான் வீணாக்கவில்லை. ஒரு லெதர் பை வாங்கினேன். (அது இன்றுவரை வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.) ஸ்டெல்லாவுக்குக் கழுத்து வலி வருமே என்று, லேப்டாப்பை உயரத் தூக்கி வைக்கும் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினேன். அன்புள்ள கணவன் செய்கிற காரியம்தான் அது. அந்த ஸ்டாண்டுதான் ஆரோக்கியம் அண்ணனைக் கவிழ்த்தது.

மலிவான திரைகளுக்கு ஒரு குணம் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் இருட்டாகத் தெரியும், மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் வெளுத்துத் தெரியும். ஸ்டாண்டு மேல் ஏறிய திரையை ஸ்டெல்லா அண்ணாந்து பார்த்து வேலை செய்தாள். ஏற்கெனவே கருப்பான ஆரோக்கியம் அண்ணன், கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரே இருட்டாக இருந்தார். ஸ்டெல்லா வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு அவளைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் இருட்டாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்று என்றேன். ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.

அவளுக்கு உள்ளூர ஏதோ உறுத்தியிருக்கிறது. எழுந்து நின்று பார்த்தாள், மறுபடி உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நின்னு பார்த்தா ஒரு முகம், உக்காந்து பார்த்தா ஒரு முகம். இதுல எதுங்க நிஜம்?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உக்காந்து பாக்கறதுதான் நிஜம். வேலை உக்காந்துதானே செய்யறோம்?"

அந்தப் பதிலில் இருந்த தெளிவை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஒன்பது வருடமாக முகங்களோடு பழகியவள், நாலும் தெரிந்தவன் சொல்கிறானே என்று என்னை நம்பினாள். ஆனாலும் என்னிடம் பென் டிரைவைக் கொடுக்கும்போது, அச்சகத்தில் முதலில் ஒன்றே ஒன்று அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைப் போடச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். அச்சகக்காரரும் மாதிரி பார்க்கிறீர்களா என்று கேட்கத்தான் செய்தார். ஸ்கிரீனிலேயே பார்த்தாயிற்று, முந்நூறும் ஒரேயடியாகப் போடுங்கள் என்றேன். எனக்கு எச்சரிக்கை சொல்லாதவர்கள் இந்தக் கதையில் யாருமே இல்லை.

முப்பதாம் நாள் சாயங்காலம். மழை, டிராஃபிக். அச்சகத்திலிருந்து அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்கே போனேன். பூசை தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. முன்வாசலில் பிலோமினா அக்கா வெள்ளைப் புடவையில் நின்றிருந்தார், கூடவே அவருடைய நாத்தனார். முன்பே வந்து காத்திருந்த ஸ்டெல்லா கட்டைப் பிரித்து மேல் அட்டையை எடுத்தாள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் குனிந்து பார்த்தேன். அட்டையில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். கோதுமை மாவில் முக்கி எடுத்த மாதிரி வெளுப்பு. கன்னக்குழி இல்லை, நெற்றிச் சுருக்கம் இல்லை, இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு இல்லை. பல்லுக்கும் உதட்டுக்கும் வித்தியாசம் இல்லை. இருபத்தைந்து வருடம் தினமும் பார்த்த மனிதரை எனக்கே தெரியவில்லை.

பிலோமினா அக்கா கையை நீட்டி வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பெயரைப் படித்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கட்டு மாறி வந்துவிட்டது, வேறு யாரோ ஒரு வீட்டுக்காரருடையது என்று நினைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாத்தனார் எட்டிப் பார்த்து, "பரவால்லயே, அண்ணன் நல்லா கலரா வந்திருக்காரு" என்றார். நானும் கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் அக்கா, உள்ளே வெளிச்சம் கம்மியான பக்கம் நின்று கொடுத்தால் சரியாக இருக்கும் என்றேன். சத்தியமாகச் சொன்னேன். இறந்தவரின் மனைவியிடம், கோயில் வாசலில் நின்றுகொண்டு.

பிலோமினா அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அட்டையை ஸ்டெல்லாவின் கையில் திருப்பி வைத்தார்.

"அவரு கருப்புமா. நாப்பது வருஷம் அந்த முகத்தைத்தான் பார்த்தேன். கருப்பாவே போட்டுக் குடு."

மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள். பூசை முடிந்து வந்த கூட்டத்துக்குக் கொடுக்க எதுவும் இல்லாமல், பிலோமினா அக்கா வெறுங்கையைக் கூப்பி நின்றார். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று, என் தவறு, அட்டை வீட்டுக்கே வரும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். என் தவறு என்று அவள் சொன்னது தன்னைத்தான். லெதர் பை வீட்டில் பத்திரமாக இருக்க, நான் மழையில் அட்டைக் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதுகூட வாய் திறந்து அது நான்தான் என்று சொல்ல எனக்குத் துப்பில்லை. இன்றைக்கும் அட்டையைவிட அதுதான் எனக்கு அவமானம்.

மறுநாள் அதே கடைக்குப் போய், அந்த நாலாயிரம் அதிகமான லேப்டாப்பை முழு விலை கொடுத்து வாங்கினேன். விற்பனையாளர் பில் போட்டார். அதிலே ஆரோக்கியம் அண்ணன் ஏணி மேலிருந்து தழும்போடும் கருப்போடும் திரும்பி வந்தார். முந்நூறு அட்டைகளையும் வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது ஸ்டெல்லா போட்ட தீர்ப்பு. இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு வாசலிலும் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். கடைசியாகப் பிலோமினா அக்கா வீடு. அட்டையைப் பார்த்து, 'வந்துட்டாரு' என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு மூன்று மாதம் ஸ்டெல்லாவிடம் புது வேலை எதுவும் வரவில்லை. பிறகு மெல்ல வந்தார்கள். ஆனால் இப்போது எல்லோரும் மாதிரி கேட்கிறார்கள்.

என் வீட்டில் எனக்கு இருந்த நிபுணர் பதவியும் அதோடு போனது. பருப்பு விலையிலிருந்து ஷெரினின் வேலை விஷயம்வரை நான் எதைப் பற்றி அடித்துப் பேசினாலும், "அப்பா, இதை நின்னு சொல்றீங்களா, உக்காந்து சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள் மகள். வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கும் இது சொல்லிக் கொடுக்கப்படும் என்றே தெரிகிறது.

நான் முதலில் வாங்கிய அந்த மட்டமான திரை லேப்டாப்பை விற்றுவிடலாம் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஸ்டெல்லா கொடுப்பதில்லை. லெதர் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். என் நினைவு அட்டையை அதில்தான் செய்யப் போகிறாளாம், ஸ்டாண்டு மேல் வைத்து, உட்கார்ந்து. ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் அதை வெளியே எடுத்து, சார்ஜ் போட்டு, இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பிறகு திரும்பி என்னையும் ஒருமுறை பார்க்கிறாள்.